ஏணி ஏன் பாதி ஏறிய பிறகு சறுக்குகிறது?

பொங்கலுக்கு வீட்டில் வெள்ளையடிக்கும்போது ஏணி சறுக்கிவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்லவேளை, பெரிய அடி இல்லை. "கீழ்ப்படிகளில் நின்று அரைமணி நேரம் வேலை பார்த்தேன், ஏணி அசையவே இல்லை. மேலே போனதும் சறுக்கியது. என் எடையும் அதேதான், தரையும் அதேதான். அப்புறம் என்னதான் மாறியது?" என்று கேட்கிறார். அருமையான கேள்வி.

முதலில் விசைகளை வரைந்துகொள்வோம். ஏணியின் எடையும் ஆளின் எடையும் கீழ்நோக்கி. தரை மேல்நோக்கித் தாங்குகிறது. சுவர் ஏணியின் தலையை வெளிப்பக்கம் தள்ளுகிறது, தரையின் உராய்வு காலைச் சுவர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. சுவர் வழவழப்பானது, அங்கே உராய்வு இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஏணி அசையாமல் நிற்க வேண்டுமானால் மேல்விசையும் கீழ்விசையும் சமமாக இருக்க வேண்டும், சுவரின் தள்ளலும் தரையின் உராய்வும் சமமாக இருக்க வேண்டும். இதெல்லாம் பத்தாம் வகுப்புப் பாடம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஆள் எந்தப் படியில் நிற்கிறார் என்பது இந்த இரண்டு சமன்பாடுகளிலும் வரவே இல்லை! சுவர் எவ்வளவு தள்ளுகிறது என்பதும் இவற்றிலிருந்து கிடைக்காது. அதைச் சொல்வது மூன்றாவது நிபந்தனை: வலஞ்சுழித் திருப்பு விசையும் இடஞ்சுழித் திருப்பு விசையும் சமமாக இருக்க வேண்டும். திருப்பு விசை என்பது விசையை, சுழல் புள்ளியிலிருந்து அந்த விசை செயல்படும் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்கினால் வருவது.

சுழல் புள்ளியா? ஏணி சுழலவே இல்லையே, எந்தப் புள்ளி? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பள்ளியில் கதவு, சீசா, தராசு என்று சுழலும் இடம் கண்ணுக்குத் தெரிகிற உதாரணங்களாகவே கொடுத்ததால், திருப்பு விசை என்றால் எங்கோ ஓர் அச்சாணி இருந்தே ஆக வேண்டும் என்று பலரும் நினைத்துவிடுகிறோம். அசையாமல் நிற்கிற பொருளுக்கு அந்தக் கட்டாயமே கிடையாது. புள்ளியை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், ஏணியின் காலில், தலையில், நடுவில், ஏன், எதிர்வீட்டு மொட்டைமாடியில்கூட வைக்கலாம், விடை ஒன்றுதான். காரணம் எளிமையானது. புள்ளியை ஒரு மீட்டர் வலப்பக்கம் நகர்த்தினால் ஒவ்வொரு செங்குத்து விசைக்கும் தூரம் ஒரு மீட்டர் மாறும். மேல்நோக்கிய விசைகளின் திருப்பல் ஒரு பக்கமாக மாறும், கீழ்நோக்கியவற்றின் திருப்பல் அதற்கு எதிர்ப்பக்கமாக மாறும். இரண்டு வகை விசைகளும் ஏற்கெனவே சமம் என்பதால் அந்த மாற்றங்கள் ஒன்றையொன்று அடித்துவிடும். புள்ளியை மேலே கீழே நகர்த்தினாலும் கிடைமட்ட விசைகளுக்கு இதே கதைதான்.

எங்கே வைத்தாலும் சரி என்றால், கணக்கு சுலபமாகிற இடத்தில் வைப்போமே! ஏணியின் காலில் வையுங்கள். தரை தாங்கும் விசையும் உராய்வும் அந்தப் புள்ளி வழியாகவே போவதால் இரண்டுக்கும் தூரம் பூஜ்ஜியம், இரண்டும் கணக்கிலிருந்து காணாமல் போகின்றன. தெரியாதது சுவரின் தள்ளல் ஒன்றுதான் மிச்சம்.

எண்களைப் போடலாம். ஏணி 15 கிலோ, ஆள் 60 கிலோ. ஏணியின் கால் சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கிறது, தலை 3.6 மீட்டர் உயரத்தில் சாய்ந்திருக்கிறது. ஆள் கால்வாசி ஏறியிருக்கும்போது, காலிலிருந்து அவருடைய கிடைமட்டத் தூரம் 0.5 மீட்டர். ஏணியின் எடை அதன் நடுவில், அதாவது 1 மீட்டரில். திருப்பல் 60 × 0.5 + 15 × 1 = 45. இதை 3.6-ஆல் வகுத்தால் சுவரின் தள்ளல் 12.5 கிலோ எடை. உராய்வும் அதே அளவு பிடிக்க வேண்டும். தரையின் உராய்வுக் குணகம், அதாவது தரைமீது அழுத்தும் எடையில் எவ்வளவு பங்கை உராய்வால் பிடிக்க முடியும் என்ற எண், 0.3 என்றால் அது அதிகபட்சம் 75 × 0.3 = 22.5 கிலோ எடை வரை பிடிக்கும், ஆகவே பயமில்லை. ஆளின் கிடைமட்டத் தூரம் 1.8 மீட்டர் ஆனதும் தேவை 34-ஐத் தாண்டிவிடும். எல்லை எங்கே என்று பார்த்தால் 1.1 மீட்டர், அதாவது பாதி ஏணியைச் சற்றே தாண்டிய இடம். நம் வாசகர் ஒவ்வொரு படி ஏறும்போதும் அவருடைய எடைக்கோடு காலைவிட்டு விலகி விலகிப் போனது. உராய்வின் எல்லை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இதற்கு அஷ்டமியில் வேலை ஆரம்பித்ததும் கண் திருஷ்டியும்தான் காரணம் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னதாக அவர் எழுதியிருக்கிறார். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. பழியை நாளின் மேல் போட்டுவிட்டால் அடுத்த வருஷமும் ஏணியை அதே சாய்வில்தான் வைப்பார்கள், இன்னொருவர் விழுவார். அதிலும் கூலிக்கு வெள்ளையடிக்க வருகிறவர் விழுந்தால், அவர் வீட்டு அடுப்பும் சேர்ந்து அணையும்.

இப்போது புள்ளியை வேறு இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஆள், ஏணி இரண்டின் மொத்த எடைக்கோட்டை மேலே நீட்டினால், சுவரின் தள்ளல் கோட்டை அது ஓரிடத்தில் வெட்டும். அங்கே வைத்தால் அந்த இரண்டுக்கும் தூரம் பூஜ்ஜியம். எனவே தரை தரும் மொத்த விசையும் அந்தப் புள்ளி வழியாகவே போயாக வேண்டும். வேறு வழியில்லை! ஆள் ஏற ஏற அந்தப் புள்ளி சுவரை நோக்கி நகரும், தரையின் விசையும் அதைப் பார்த்துச் சாயும். 0.3 குணகமுள்ள தரை செங்குத்திலிருந்து சுமார் 17 பாகை வரைதான் சாய்ந்து தர முடியும்.

உயரத்தில் நாலில் ஒரு பங்கு தூரம் தள்ளிக் காலை வை என்று ஏணிக்கு ஒரு விதி உண்டு. தேவைப்படும் குணகம் என்பது காலிலிருந்து மொத்த எடைக்கோட்டுக்கு உள்ள தூரத்தை ஏணித் தலையின் உயரத்தால் வகுத்தால் வருவது. அந்தக் கோடு சுவரைத் தாண்டி எங்கும் போகாது, எனவே தரைக்கு ஒருபோதும் 0.25-க்கு மேல் குணகம் தேவைப்படாது, 40 கிலோ ஆள் ஏறினாலும் சரி, 120 கிலோ ஆள் ஏறினாலும் சரி. ஈரமான டைல்ஸ் தரையில் அந்த 0.25-கூடக் கிடைக்காமல் போகலாம், அங்கே காலைக் கயிற்றால் கட்டிவிடுங்கள்.

அவருடைய கடைசிக் கேள்வி, கீழே ஒருவர் அடிப்படியில் ஏறி நின்றால் பயன் உண்டா என்பது. நிறையவே உண்டு. 70 கிலோ ஆள் ஏணியின் காலிலிருந்து 0.1 மீட்டரில் நின்றால் அவர் சேர்க்கும் திருப்பல் 7 மட்டுமே, சுவரின் தள்ளல் 2 கிலோ எடைதான் கூடும். ஆனால் தரைமீது 70 கிலோ கூடுவதால் உராய்வின் எல்லை 22.5-லிருந்து 43.5-க்கு ஏறுகிறது. மேலே 1.8 மீட்டரில் நிற்பவருக்குத் தேவை 36 சொச்சம். ஏணி நிற்கும்.