தேன்குழல் டப்பாவைப் பூட்டினால் பசி அடங்குமா?

காரைக்குடியில் 16 வருடமாகச் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்துவருகிறேன். போன மாதம் கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி வந்திருந்தார். உட்கார்ந்ததும் கண் கலங்கிவிட்டது. "இந்த வயசுல நாக்கைக் கட்ட முடியலையேன்னு வெக்கமா இருக்கு டாக்டர்" என்றார். நடு ராத்திரியில் அடுக்களைக்குப் போய்த் தேன்குழல் எடுத்துச் சாப்பிடுகிறார். மருமகள் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பசியை நடத்துவது நாக்கு அல்ல, மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சின்னப் பகுதி. அங்கே 'சாப்பிடு' என்று தூண்டும் நரம்பணுக்களும் 'போதும்' என்று நிறுத்தும் நரம்பணுக்களும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. வயிறு காலியானால் கிரெலின் என்ற ஹார்மோன் சுரந்து முதல் கூட்டத்தை உசுப்பும். உடம்புக் கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் அதை அடக்கி, இரண்டாவது கூட்டத்துக்கு வலுக்கொடுக்கும். லெப்டின் 1994இலும் கிரெலின் 1999இலும்தான் கண்டுபிடிக்கப்பட்டன. அதற்கு முன் டாக்டர்களுக்கு 'வாயைக் கட்டுங்க' என்பதைத் தவிர அதிகம் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் பலர் அதோடு நிறுத்திக்கொள்வதுதான் எனக்கு வருத்தம்.

பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் லெப்டின் இறங்கும், கிரெலின் ஏறும். பஞ்சம் வந்துவிட்டது என்றே மூளை எடுத்துக்கொள்கிறது. ஆச்சியும் இரண்டு வருடத்துக்கு முன் ராத்திரிச் சாப்பாட்டை விட்டு 7 கிலோ குறைத்தவர்தான். அத்தனையும் திரும்பிவிட்டது. கல்யாணப் பந்தியில் வயிறு நிறைந்த பிறகும் சீயத்துக்கு மட்டும் இடம் இருக்கிறதே, அது வேறு கணக்கு. அங்கே ஆசையைக் கிளப்புவது மூளையில் சுரக்கும் டோபமின் என்ற ரசாயனம்.

ராத்திரி எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டேன். "எங்க தூங்குறது? அவுகளைப் பெரட்டிப் படுக்க வைக்கணும்ல" என்றார். பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணவருக்காக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுகிறார்.

2004இல் வெளியான சிகாகோ ஆய்வு ஒன்றில், 12 இளைஞர்களை இரண்டு ராத்திரி 4 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். நன்றாகத் தூங்கிய நாட்களோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் இறங்கியிருந்தது, கிரெலின் 28 சதவீதம் ஏறியிருந்தது. இனிப்பும் உப்புப் பண்டமும்தான் அவர்களுக்கு அதிகம் வேண்டியிருந்தது. தேன்குழலை நோக்கி ஆச்சி ஏன் நடக்கிறார் என்று இப்போது புரிகிறதா?

ஒன்று மட்டும் முக்கியம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு ராத்திரியில் திடீரென்று பசித்தால், சர்க்கரை இறங்கியிருக்கிறதா என்று முதலில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் டப்பாவைப் பூட்டி வைப்பது ஆபத்து. ஆச்சியை மூன்று ராத்திரி பார்க்கச் சொன்னேன். ஒருமுறைகூட 130க்குக் கீழே இல்லை. ஸ்டீராய்டும் மனநோய்க்கான சில மாத்திரைகளும்கூடப் பசியைக் கூட்டும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மருமகளையும் வரச்சொல்லிப் பேசினேன். வாரத்தில் நான்கு ராத்திரி ஆச்சியின் கணவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைத்தார்கள். எட்டு மணிக்கு இட்லியோடு முட்டையோ பாசிப்பயற்றுச் சுண்டலோ கட்டாயம் என்றேன்.

போன வாரம் ஆச்சி திரும்ப வந்தார். எடை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆள் வருகிற நாட்களில் அடுக்களைப் பக்கம் போகவில்லையாம். மற்ற மூன்று நாளுக்கும் யாரை வைப்பது என்று மருமகளே கேட்டார்.