பெருவட்டத் தொலைவு: சொல் விளக்கம்

இரு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவைக் குறிக்கத் தமிழில் "நேர்கோட்டுத் தூரம்" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதன் அருகே தரப்படும் எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அதற்கு இட்ட பெயர்தான் தவறு.

உருண்டையின் மையம் வழியே செல்லும் தளம் அதன் மேற்பரப்பை வெட்டும் வட்டமே பெருவட்டம். நிலநடுக்கோடு பெருவட்டம், மற்ற அட்சக்கோடுகள் சிறுவட்டங்கள். இரு ஊர்களை இணைக்கும் பெருவட்டத்தின் சிறிய வில்லே அவற்றுக்கிடையே நிலப்பரப்பின் மீதான மிகக் குறுகிய வழி. அதன் நீளம் பெருவட்டத் தொலைவு. 'தூரம்' வடசொல்; தொலைபேசியிலும் தொலைநோக்கியிலும் உள்ள 'தொலை' நம் வேர் என்பதால் தொலைவையே கொள்கிறேன்.

வட்டத்தின் பகுதிக்கு வில் என்றும், அதன் இரு முனைகளை இணைக்கும் நேர்கோட்டுக்கு நாண் என்றும் பள்ளிக் கணக்கிலேயே படித்தோம். இவ்வளவு தெளிவான இணைச்சொற்கள் கையிலிருக்க, வில்லின் நீளத்துக்கு நாணின் பெயரைச் சூட்டுவது எப்படித் தகும்? தில்லிக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் பெருவட்டத் தொலைவு ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர். உண்மையான நேர்கோடு 10,500 கிலோமீட்டர் அளவே வரும். ஆனால் அது நடுவழியில் பூமிக்கு அடியில் 2,700 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் செல்லும். பெருவட்ட வழியோ சைபீரியாவைக் கடந்து வட அட்சம் 75 பாகைக்கு மேல் ஏறி இறங்குகிறது. தட்டையான படத்தில் அது வளைந்து தெரிவதால், விமானம் வீணாகச் சுற்றிப் போகிறது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். "நேர்கோடு" என்ற சொல் அந்த மயக்கத்துக்கு வலுவூட்டுகிறது. "காகம் பறக்கும் தூரம்" என்று ஆங்கில மரபுத்தொடரை அப்படியே பெயர்ப்பவர்களோ, தமிழ் வாசகருக்குப் பொருள் விளங்குமா என்று ஒரு நொடிகூட எண்ணிப் பார்ப்பதில்லை.

"வான்வழித் தொலைவு" என்பது பிழையான சொல்லன்று. ஆனால் அதை விமானம் உண்மையில் பறந்த வழியின் நீளத்துக்கே ஒதுக்க வேண்டும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா, தில்லி–சான்பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. வான்வழித் தொலைவு சுமார் 13,900 கிலோமீட்டரிலிருந்து 15,300 ஆகக் கூடியது. பின்காற்று உந்தியதால் நேரமோ குறைந்து பதினான்கரை மணியளவில் நின்றது. பெருவட்டத் தொலைவு மட்டும் அன்றும் இன்றும் அதேதான்.

ஆகவே பெருவட்டத் தொலைவை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து வரும் விடையைப் "பயண நேரம்" என்று அச்சிடுவதும் பொருந்தாது. "மதிப்பிட்ட பறப்பு நேரம்" என்க. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கி, சென்றடைந்த நிலையத்தில் நிற்கும் வரையிலான நேரத்தையே கால அட்டவணை காட்டுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், அங்கே வரிசையில் காத்து நிற்பதும் அதில் அடங்கும். வகுத்தல் கணக்கில் அவற்றுக்கு இடமே இல்லை.