35 மீட்டர் இடுக்கில் அடங்கும் ஆறு

கனடாவின் ஃபிரேசர் ஆற்றை வரைபடத்தில் விரலால் தொடர்ந்தால் கொஞ்சம் குழப்பமாக இருக்கும். ராக்கி மலையில் பிறந்து, கடல் தென்மேற்கே இருக்க, இது வடமேற்கே கிளம்புகிறது. பிரின்ஸ் ஜார்ஜ் நகரத்தருகே தெற்கே திரும்பி, ஹோப் என்ற ஊரில் மேற்கே மடங்கி, வான்கூவர் பக்கம் கடலில் சேர்கிறது. சுமார் 1,370 கிலோமீட்டர் நீளம். ஆனாலும் முதன்மை ஆற்றின் குறுக்கே ஓர் அணைகூட இல்லை.

இந்த ஆற்றில் முட்டையிட வரும் சாக்கை என்கிற சிவப்பு சால்மன் மீனுக்கு ஆறு மட்டும் போதாது, ஏரியும் வேண்டும். குஞ்சுகள் பெரும்பாலும் ஒரு வருஷம் ஏரியில் வளர்ந்த பிறகுதான் கடலுக்குப் போகும். ஃபிரேசரின் கிளையாறுகளில் ஷுஸ்வாப், கெனெல், சில்கோ என்று பெரிய ஏரிகள் இருக்கின்றன. 2010-இல் மட்டும் ஏறக்குறைய 3 கோடி சாக்கை கடலிலிருந்து முட்டையிட இங்கே திரும்பி வந்தன.

திரும்பும் வழியில்தான் சிக்கல். மலைகளுக்கு நடுவே ஆறு குடைந்த பள்ளத்தாக்கில், 'நரக வாசல்' எனப்படும் இடத்தில் அகலம் சுமார் 35 மீட்டர்தான். அவ்வளவு தண்ணீரும் அந்தச் சந்துக்குள் நுழைய வேண்டும் என்றால் வேகமெடுக்காமல் என்ன செய்யும்? மீனோ ஆற்றுக்குள் வந்ததும் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறது. உடம்பிலிருக்கும் கொழுப்பைச் செலவழித்துத்தான் மேலே ஏறியாக வேண்டும்.

அதனால் அது நடு ஆற்றில் மல்லுக்கட்டுவதில்லை, கரையை ஒட்டியே போகிறது. துருத்தி நிற்கும் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழன்று மந்தமாகும். அங்கே நின்று மூச்சு வாங்கி, அடுத்த பாறைக்குத் தாவும். நமக்குக் கரடுமுரடான கரை, அதற்குப் படிக்கட்டு.

ரயில் பாதை போட்டவர்கள் அந்தப் படிக்கட்டைத்தான் கெடுத்தார்கள். வெடிவைத்த கற்களை ஆற்றில் தள்ளினார்கள். 1914-இல் ஒரு பாறைச் சரிவும் விழுந்தது. ஒதுங்க இடமில்லாமல் ஏராளமான மீன்கள் கீழேயே செத்தன. 1945, 46-இல்தான் கரையோரம் கான்கிரீட் மீன்பாதைகள் வந்தன. அவற்றின் தடுப்புச் சுவர்களில் அடியிலிருந்து மேல்வரை செங்குத்தான பிளவு விட்டிருப்பதைத்தான் நான் கெட்டிக்காரத்தனம் என்பேன். பனி உருகும் காலத்தில் ஆறு பல மீட்டர் உயரும், அப்புறம் இறங்கும். எந்த மட்டத்திலும் மீன் நுழையலாம்; இரண்டு சுவர்களுக்கு நடுவே இளைப்பாறலாம்.

மீன் எங்கே இளைப்பாறும் என்பது பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளுக்குப் பல ஆயிரம் வருஷமாகத் தெரியும். சுழல் இருக்கும் பாறை மேல் நின்று நீளக் காம்புள்ள வலையை இறக்குவார்கள். கடலோர மலைகள் மழையைத் தடுத்துவிடுவதால், கோடையில் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் வறண்ட காற்று சூடாக வீசும். மீனைக் கீறி, பந்தலில் தொங்கவிட்டால் போதும். புகைகூடப் போடாமல், அந்தக் காற்றிலேயே கருவாடாகிவிடும்.