மோடம் சேர்ந்துவிட்டது, பக்கம் மட்டும் ஏன் திறக்கவில்லை?

மோடம் என்ற கருவியால் டெலிபோன் லைனில் டயல் செய்து நெட் பிடித்த டயல்-அப் காலத்துச் சங்கதி இது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாளையங்கோட்டைப் பக்கம் டெலிபோன் லைன் இரைய ஆரம்பிக்கும். அதனால் நெட் வரவில்லை என்றதும் பழி மழை மேல் விழும். ஆனால் மோடம் கீச்சிட்டு ஓய்ந்து, திரையின் மூலையில் இரட்டைக் கம்ப்யூட்டர் படமும் வந்த பிறகு பக்கம் திறக்கவில்லை என்றால் லைனை மட்டும் சந்தேகிக்காதீர்கள். தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாடான டிஎன்எஸ்ஸின் அமைப்பைப் பாருங்கள்.

நாம் தட்டுவது பெயர். கம்ப்யூட்டருக்கு வேண்டியது ஐபி எண், அதாவது வலையில் அந்தத் தளத்தின் விலாசம். தொடக்கத்தில் எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன, அவரவர் நகலெடுத்துக்கொண்டார்கள். வலை பெருகியதும் அது கட்டுப்படியாகவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வகுத்தார்.

நம் மாவட்டத் தளமான ‘திருநெல்வேலி.நிக்.இன்’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். தேடல் பெயரின் கடைசியிலிருந்து தொடங்கும். பெயருக்கு எண் கண்டுபிடித்துச் சொல்லும் கம்ப்யூட்டர்தான் நேம் சர்வர். உங்கள் சேவை நிறுவனத்தின் நேம் சர்வர், எல்லாவற்றுக்கும் தலைவாசலான ரூட் சர்வரை முதலில் கேட்கும். அதற்கு விலாசம் தெரியாது, ‘இன்’ பக்கம் கைகாட்டும். அங்கே ‘நிக்.இன்’ யாரிடம் என்று சொல்வார்கள். அவர்களிடம் எண் கிடைக்கும். ஜங்ஷனில் இறங்கியவர் ஆள் ஆளாக விசாரித்து வீடு சேர்வது மாதிரிதான். கிடைத்த விடையை நேம் சர்வர் குறிப்பிட்ட நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்தவர் கேட்டால் உடனே சொல்லிவிடும்.

சரி, அந்த நேம் சர்வரின் எண் உங்கள் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? பாஸ்வேர்டு ஏற்கப்பட்டதும் இரு முனைகளும் பிபிபி என்ற இணைப்பு விதிமுறைப்படி நடத்தும் பேச்சுவார்த்தையில் உங்களுக்கு ஓர் ஐபி எண் தரப்படும். நேம் சர்வர் எண்களையும் அப்போதே தரும் முறை 1995 டிசம்பரில்தான் ஆவணமாக வெளியானது. அன்றைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்ததும் அதே ஆண்டு ஆகஸ்ட் 15-இல். எண்ணைத் தராத இணைப்புகளில் நாமேதான் எழுத வேண்டும்.

விண்டோஸ் 98-இல் டயல்-அப் இணைப்பின் பிராப்பர்ட்டீஸ், சர்வர் டைப்ஸ், டிசிபி/ஐபி செட்டிங்ஸ் என்று போங்கள். ‘சர்வர் அசைன்ட்’ என்று இருந்தால் எண்கள் தானாக வரும். ‘ஸ்பெசிஃபை’ என்றால் கட்டத்தில் இருப்பதுதான் சட்டம். வம்பு இங்கேதான். ஒரு நிறுவனத்தின் எண்ணை எழுதிவைத்துவிட்டு அதே இணைப்பில் வேறு நிறுவனத்துக்கு டயல் செய்தால், பல நேம் சர்வர்கள் வெளியாளுக்குப் பதில் சொல்லாது. லைன் இருக்கும், பில் ஏறும், பக்கம் வராது.

இரண்டாவது கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். முதல் சர்வர் பேசாமல் போனால் அதைக் கேட்கும். ஆனால் முதலாவது ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று சொல்லிவிட்டால் இரண்டாவதிடம் போகாது.

ஐயம் தீர ஒரு சோதனை: பதில் தரும் என்று தெரிந்த ஒரு தளத்தின் எண்ணுக்கு பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை) கொடுங்கள், அப்புறம் அதன் பெயருக்கு. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில்தான். அமைப்பை மாற்றியதும் இணைப்பைத் துண்டித்து மறுபடி டயல் செய்யுங்கள். எண்கள் கைமாறுவது இணைப்பு ஏற்படும் அந்தச் சில நொடிகளில்தான்.