'கொனா': எங்கே சுருக்கலாம், எங்கே கூடாது?

ஆங்கிலப் படமும் பாட்டும் பழக்கம் உள்ளவர்கள் அடிக்கடி கேட்கிற சொல் 'கொனா'. 'கோயிங் டு' என்பதை வேகமாகச் சொல்லும்போது நடு ஒலிகள் தேய்ந்து, இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்ட வடிவம் இது. இந்த எழுத்துக்கூட்டல் அச்சில் பரவியது 20ஆம் நூற்றாண்டில்தான்.

'கோயிங் டு' முதலில் இடம்பெயர்வதையே குறித்தது. அரசரைப் பார்க்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், ஆள் உண்மையிலேயே வழியில் இருப்பார். போகிறவருக்கு ஒரு நோக்கமும் இருக்குமே! காலப்போக்கில் நடை உதிர்ந்து நோக்கம் மட்டும் மிஞ்சியது. 17ஆம் நூற்றாண்டுக்குள் அது எதிர்காலத்தைக் காட்டவே வந்துவிட்டது. தமிழும் இதே வழியில் வந்திருக்கிறது. 'மழை பெய்யப் போகிறது' என்கிறோம். மழை எங்கே போகிறது?

இந்த ஒற்றுமைதான் நம்மை மாட்டியும் விடுகிறது. பேச்சில் 'சாப்பிடப் போறேன்', 'மதுரைக்குப் போறேன்' இரண்டிலும் 'போகிறேன்' ஒரே மாதிரி சுருங்குகிறது. ஆங்கிலத்தில் முதல் வகை மட்டுமே சுருங்கும். 'ஐம் கொனா ஈட்' சரி. 'ஐம் கொனா மதுரை' தப்பு. பின்னால் வினைச்சொல் வந்தால்தான் 'கொனா'. ஊர்ப் பெயர் வந்தால் 'கோயிங் டு' என்று முழுசாகச் சொல்ல வேண்டும். அப்புறம், 'கொனா'வுக்குள்ளேயே 'டு' அடக்கம் என்பதால் 'கொனா டு ஈட்' என்று இன்னொன்றைச் சேர்க்கக் கூடாது. எழுதும்போது முன்னால் உள்ள 'ஆம், இஸ், ஆர்' ஆகியவற்றை விட்டுவிடவும் கூடாது.

'வான்ட் டு' சுருங்கினால் 'வானா'. 'ஹி வானா' என்பது பொது ஆங்கிலத்தில் பிழை. 'ஹி வான்ட்ஸ் டு' என்றே வரும். இதைவிடச் சுவையான விதி ஒன்று உண்டு. 'யாரைச் சந்திக்க ஆசை?' என்று கேட்க 'ஹூ டு யூ வானா மீட்?' எனலாம். 'யார் ஜெயிக்க வேண்டும் என்று ஆசை?' என்று கேட்கும்போது 'ஹூ டு யூ வான்ட் டு வின்?' என்பதைப் பொதுவாக யாரும் சுருக்க மாட்டார்கள். ஏனென்றால் 'ஐ வான்ட் இந்தியா டு வின்' என்ற பதிலில் 'இந்தியா' உட்காரும் இடம் 'வான்ட்'டுக்கும் 'டு'வுக்கும் நடுவில் இருக்கிறது. கேள்வியில் அந்த இடம் காலியாகத் தெரிந்தாலும் அது ஒட்ட விடுவதில்லை. இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஆங்கிலேயர் வீட்டுக் குழந்தைகள் கற்றுக்கொள்கிறார்கள்!

தமிழில் இவற்றை என்னவென்று சொல்வது? தஞ்சாவூர் தஞ்சை ஆவதையும், அருமருந்தன்ன என்பது அருமந்த ஆவதையும் இலக்கணம் மரூஉ என்கிறது. உருவத்தில் 'கொனா'வும் அதுவே. மதிப்பில் மட்டும் வேறு. தஞ்சை செய்யுளிலும் வரும், செய்தியிலும் வரும். 'கொனா'வை வேலை விண்ணப்பத்தில் எழுத முடியாது. நண்பருக்கு அனுப்பும் வாட்ஸ்அப்பிலும் கதை உரையாடலிலும் எழுதலாம். அதனால் 'பேச்சு மரூஉ' என்றால் பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து. 'ஹேவ் காட் டு' சுருங்கிய 'காட்டா'வுக்கு நம்மிடம் நேர்ச்சொல்லே இருக்கிறது: போகவேண்டும் என்பதைப் 'போகணும்' ஆக்குகிற 'ணும்'.