கிளினிக் கொப்பியில் விடுபட்ட இரண்டு மாதம்

இலங்கை மலையகத்தில் நான் தாதியாக வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் இரவு இரண்டு மணி இருக்கும். ஓட்டோவில் இருந்து ஓர் அம்மாவைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர், ஐம்பது வயதுக்கு மேல். இரண்டு சொல் சேர்த்துப் பேச முடியாத இழுப்பு. ஒட்சிசன் கொடுத்து, நெபுலைசர் வைத்து, மூச்சு கொஞ்சம் அடங்கியபின் கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். மருந்து எடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பையில் இருந்த, இழுப்புக்கு வாயால் உறிஞ்சும் மருந்துப் பம்ப் காலி.

"ஏன்மா கிளினிக்குக்கு வரல்ல?"

"வந்தா அன்னைக்குப் பேர் இல்லையே மிஸ்ஸி. ஓட்டோவுக்கு வேற குடுக்கணும்."

பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கான சம்பளம். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்தான். ஆனால் தோட்டத்தில் இருந்து வருகிறவருக்கு அதன் விலை ஒரு நாள் பேரும் ஓட்டோக் கூலியும். அடுத்த கிழமை பார்ப்போம் என்று தள்ளிப்போடுகிறார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும், புகை வெளியே போக வழியில்லாத விறகடுப்பும், மலைக்குளிரும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன.

இது எங்கள் தோட்டங்களில் மட்டும் நடப்பதல்ல. இங்கிலாந்தில் நாட்டையே சராசரி 1500 பேர் கொண்ட சிறு பகுதிகளாகப் பிரித்து, வருமானம், வேலை, படிப்பு, வீடு என 7 வகையில் பின்தங்கிய நிலையை அளக்கிறார்கள். மிகவும் பின்தங்கிய பகுதிகளில்தான் அவசரமாக வார்ட்டில் சேர்க்கப்படுவோர் வீதமும் அதிகம். ஆஸ்துமா, சீனி வருத்தம் எல்லாம் கிளினிக்கில் ஒழுங்காகப் பார்த்தால் பெரும்பாலும் வார்ட் வரை வராதவை. வேல்ஸில் ஒரு சுரங்கக் கிராமத்தில் வைத்தியம் பார்த்த டொக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இலேயே எழுதினார்: தேவை கூடிய இடத்தில்தான் நல்ல வைத்தியம் குறைவாகக் கிடைக்கிறது என்று. சுரங்கம் என்பதைத் தேயிலை என்று மாற்றினால் எங்கள் கதைதான்.

"தோட்டத்து ஆட்களுக்குக் கவனமில்லை, கடைசி நேரத்தில்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள்" என்று சொல்வதைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது. அந்த அம்மா கவனமில்லாதவர் அல்ல. கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, மடங்காமல் வைத்திருந்தார். கிளினிக் ஞாயிற்றுக்கிழமை இருந்திருந்தால், அல்லது மாதம் ஒருமுறை தோட்டத்துக்கே வந்திருந்தால், அன்றிரவு அவர் தன் காம்பராவில் தூங்கியிருப்பார்.

அது வரும்வரை சில விஷயங்கள். பம்ப் முடியப்போகும்போதே தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லுங்கள். கிளினிக்கில் டொக்டரிடம் பேர் போகும் கதையைக் கூச்சப்படாமல் சொல்லி, இரண்டு மாத மருந்து தர முடியுமா என்று கேளுங்கள். பேச மூச்சு போதாவிட்டால், உதடு நீலம் பாரித்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், அம்புலன்சுக்குக் காசில்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயம் மூன்றையும் சொல்லிவிட்டு, டோர்ச்சோடு ஒருவரை ரோட்டு முடக்கில் நிறுத்துங்கள்.