ஏன் டொக்டர் ஒரு மருந்து மட்டும்?

பருத்தித்துறைப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா கேட்டவ, "பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு அஞ்சு மருந்து ஏத்துறீங்கள், எங்கட மகளுக்கு ஒரு ஊசியோட விட்டிட்டீங்களே" எண்டு. ரெண்டு பேருக்கும் முத்துப்பிள்ளை கர்ப்பத்தில (நஞ்சுக்கொடி முத்து முத்தா வீங்கி வளர்ற பிழையான கர்ப்பம்) தொடங்கின, புற்றுநோய் மாதிரிப் பரவக்கூடிய வருத்தம்தான், அவவின்ர பயம் நியாயமானது.

கர்ப்பத்தைத் துப்பரவாக்கின பிறகு கிழமைக்குக் கிழமை ரத்தத்தில எச்சிஜி எண்ட கர்ப்ப ஹோமோனைப் பாப்பம், அது இறங்காமல் நிண்டாலோ திரும்ப ஏறினாலோ கீமோ யோசிப்பம். எந்தக் கீமோ எண்டதை ஃபிகோ எண்ட உலக மகப்பேற்று டொக்டர்மார் சங்கத்தின்ர ஸ்கோர்தான் சொல்லும். வயசு, முந்தின கர்ப்பம் என்ன மாதிரி, அதுக்குப் பிறகு எத்தினை மாதமாச்சு, எச்சிஜி எவ்வளவு, கட்டி எவ்வளவு பெரிசு, எங்க எத்தினை இடத்தில பரவினது, முதல் கீமோ குடுத்துச் சரிவரேல்லையோ, எல்லாத்துக்கும் புள்ளி இருக்கு. நுரையீரலில பரவினது எண்டோடன சனம் அழத் தொடங்கியிடும், ஆனா நுரையீரல் எண்ட இடத்துக்குப் புள்ளி 0, ஈரலுக்கும் மூளைக்கும்தான் 4.

கூட்டி 6 வரை வந்தால் மெதோட்றெக்சேட் இல்லாட்டி அக்டினோமைசின் டி, ஏதாவது ஒண்டு காணும். அந்த அம்மாவின்ர மகளுக்கு 4. கிட்டத்தட்ட எல்லாருமே சுகமாகிற கூட்டம் இது, ஒரு மருந்துக்கு அடங்காட்டி மற்றதுக்கு மாத்தலாம், அதுக்கும் அடங்காட்டி பிறகு கூட்டு மருந்து இருக்கு. 7 இல்லாட்டி அதுக்கு மேல போனால்தான் இஎம்ஏ-சிஓ எண்ட அஞ்சு மருந்து. அதில இருக்கிற எட்டோபொசைட் தலைமயிரைக் கொட்டப் பண்ணும், மாதவிடாயும் வேளைக்கு நிண்டுபோகலாம், தேவையில்லாத பிள்ளைக்கு அதை ஏன் குடுப்பான்?

ஒண்டை மட்டும் கட்டாயம் கேளுங்கோ. கர்ப்பிணி கிளினிக்கில தந்த போலிக் அசிட் குளிசை வீட்டில மிஞ்சிக் கிடக்கும், சத்துக்கெண்டு அதைப் போட்டிடாதேங்கோ, அது மெதோட்றெக்சேட்டுக்கு எதிரா வேலை செய்யும். மெதோட்றெக்சேட்டின்ர பக்கவிளைவைக் குறைக்க நாங்கள் அடுத்த நாள் தாற போலினிக் அசிட் வேற, அதுக்கு நேரக் கணக்கு இருக்கு. நோவுக்கு புரூபன் மாதிரிக் குளிசையளும் கேக்காமல் வேண்டாம்.

எச்சிஜி சாதாரணமாகின உடன "சுகம்தானே டொக்டர்" எண்டு கிளினிக்குக்கு வராமல் விடுறவையும் இருக்கினம், அதுதான் எனக்குப் பெரிய கவலை, அதுக்குப் பிறகும் 6 கிழமைக்கு ஊசி போடவேணும். கீமோ முடிஞ்சு ஒரு வருசத்துக்கு கர்ப்பம் தரிக்காமல் பாத்துக்கொள்ளுங்கோ, ஏனெண்டால் புதுக் கர்ப்பத்திலயும் எச்சிஜி ஏறும், வருத்தம் திரும்பினதோ பிள்ளை தங்கினதோ எண்டு பிரிச்சறியேலாது.